பீரோவில் கிடந்த கிரெடிட் கார்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஜூன் மாதம் அக்கா தொலைபேசியில் கேட்ட கேள்விக்குப் பத்து விநாடியில் பதில் சொன்னேன். அந்தப் பதில் தவறு.

"தம்பி, பீரோவில் ஒரு பழைய கிரெடிட் கார்டு கிடக்கிறது. மூன்று வருடமாகத் தொட்டதே இல்லை. ஆண்டுக் கட்டணம் என்று 590 ரூபாய் போட்டிருக்கிறார்கள். மூடிவிடலாமா?"

"மூடிவிடு அக்கா. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?"

யோசிக்க நிறைய இருந்தது. மறுநாள் மாலை அவளே மறுபடியும் அழைத்தாள். பள்ளியில் உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர், கார்டை மூடினால் சிபில் ஸ்கோர், அதாவது கடனை எவ்வளவு ஒழுங்காகக் கையாளுகிறோம் என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண், இறங்கிவிடும், வீட்டுக் கடன் கேட்கப்போகிற நேரத்தில் அதைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் வீடு பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். செப்டம்பரில் கடனுக்கு விண்ணப்பிக்கப்போகிறார்கள் என்பது தெரியாது. கேட்டிருக்க வேண்டும். கணக்கு வழக்கு பார்க்கிறவன் என்ற பெயர் வீட்டில் எனக்கு இருப்பதால், கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லும் கெட்ட பழக்கம் வந்துவிட்டது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை எல்லாக் காகிதங்களையும் மேசையில் பரப்பி உட்கார்ந்தோம்.

கையில் இருந்த விவரங்கள்

அக்காவிடம் இரண்டு கார்டுகள். பழையது 2014-இல் சம்பளக் கணக்கோடு சேர்த்து வாங்கியது. வரம்பு 1,20,000 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 500. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 590. ஆண்டுக்கு 50,000 ரூபாய் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி. 2022-இல் இஎம்ஐயில் குளிர்சாதனப் பெட்டி வாங்கியதுதான் அவள் நினைவில் இருந்த கடைசிச் செலவு. அதன்பின் மூன்று முறை கட்டணம் போயிருக்கிறது, ஆக 1,770 ரூபாய். சம்பளக் கணக்கிலிருந்து ஆட்டோ டெபிட்டில் போனதால் முதல் இரண்டு முறையும் யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாவது கார்டு வேறொரு வங்கியுடையது. 2019-இல் வாங்கியது, கட்டணம் கிடையாது, வரம்பு 80,000. வீட்டுச் செலவெல்லாம் இதில்தான். மாதம் ஏறக்குறைய 40,000. முழுத் தொகையையும் கெடு தேதிக்குள் கட்டிவிடுவார்கள். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சிபில் அறிக்கையை இறக்கிப் பார்த்தோம். ஸ்கோர் 781. உச்சம் 900 என்னும்போது இது நல்ல எண்தான். கவலைப்பட ஒன்றுமில்லை என்று அக்கா அறிக்கையை மூடப்போனாள். பழைய கார்டின் பகுதியை மட்டும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றேன்.

தொடாத கார்டில் மாதாமாதம் ஒரு செலவு

அறிக்கையில் அந்தக் கார்டின் நிலுவை 130 ரூபாய் என்று இருந்தது. மூன்று வருடமாகத் தொடாத கார்டில் 130 ரூபாய் நிலுவை எப்படி வரும்?

பழைய மாத பில்கள் அக்கா திறப்பதையே நிறுத்திவிட்ட ஒரு மின்னஞ்சல் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. கடவுச்சொல் அவளுக்கு மறந்துவிட்டது. அவளுடைய மகளுக்கு நினைவிருந்தது. திறந்து பார்த்தால் மாதந்தோறும் ஒரே வரி, 130 ரூபாய். 2022-இல் புதுக் கைப்பேசி வாங்கியபோது, படங்களைச் சேமிக்கும் இணையத் திட்டம் ஒன்றுக்கு மகள் அம்மாவின் இந்தக் கார்டைக் கொடுத்திருக்கிறாள். வீட்டிலுள்ள எல்லோருடைய படங்களும் அதில்தான் இருக்கின்றன. வீண் செலவு என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு செலவு இருப்பது வீட்டில் யாருக்கும் நினைவில் இல்லை.

இந்தக் கண்டுபிடிப்பு இன்னொரு புதிரையும் அவிழ்த்தது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்டு அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கார்டு விதிகளில் ஒரு பிரிவு உண்டு. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தப்படாத கிரெடிட் கார்டை மூடும் வேலையை, வாடிக்கையாளருக்குத் தெரிவித்துவிட்டு, வங்கியே தொடங்க வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நிலுவை ஏதும் இல்லாத நிலையில், கார்டை மூட வேண்டும். மூடிய விவரத்தைக் கடன் தகவல் நிறுவனங்களிடம் 30 நாட்களுக்குள் பதிவும் செய்ய வேண்டும். அப்படியிருக்க இந்தக் கார்டு ஏன் உயிரோடு இருந்தது? அக்காவின் கண்ணுக்குத்தான் அது பயன்படாத கார்டு. வங்கியின் கணக்கில் அது மாதம் தவறாமல் பயன்பட்ட கார்டு.

தானாக நடக்கும் இத்தகைய பற்றுகளுக்கு 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற விதி 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அனுப்பியிருக்கிறார்கள். யாரும் திறக்காத அந்த மின்னஞ்சல் பெட்டிக்கு.

அன்று கார்டை மூடியிருந்தால் அடுத்த மாதமே படச் சேமிப்புத் திட்டத்துக்குப் பணம் போயிருக்காது. அதைக் கண்டுபிடிக்க இன்னும் எத்தனை மாதம் ஆகியிருக்குமோ.

ஸ்கோர் பற்றிய பயம் எவ்வளவு சரி?

ஆசிரியை சொன்னதில் பாதி சரி. கார்டை மூடுவது தண்டனைக்குரிய செயல் என்பதுபோலப் பலர் பேசுகிறார்கள். மூடியதற்காக மட்டுமே யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. மூடுவதால் வேறு இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. அவை அவரவர் நிலையைப் பொறுத்துப் பெரிதாகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

முதலாவது, வரம்பில் எத்தனை பங்கைப் பயன்படுத்துகிறோம் என்பது. அக்காவின் இரு கார்டுகளையும் சேர்த்து மொத்த வரம்பு 2,00,000. மாதச் செலவு 40,000. அதாவது 20 சதவீதம். பழைய கார்டை மூடினால் வரம்பு 80,000 ஆகச் சுருங்கும். செலவு அதே 40,000. விகிதம் 50 சதவீதமாகத் தாவிவிடும். அவள் ஒரு ரூபாய்கூட அதிகம் செலவழிக்கவில்லை. ஆனாலும் அறிக்கையைப் பார்க்கிறவருக்கு, கையில் இருக்கும் கடன் வசதியில் பாதியைத் தின்றுகொண்டிருப்பவளாகத் தெரிவாள். 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது விதியல்ல, கைக்கணக்கு. 20-க்கும் 50-க்கும் நடுவில் அந்தக் கோடு விழுகிறது என்பதுதான் இங்கே சிக்கல்.

இதே கேள்வியை மாதம் 5,000 மட்டும் செலவழிக்கும் ஒருவர் கேட்டிருந்தால் விகிதம் 2.5-இலிருந்து 6.25 சதவீதத்துக்குப் போயிருக்கும். அவருக்கு நான் சொன்ன பத்து விநாடிப் பதிலே போதும்.

முழுத் தொகையையும் கட்டிவிடுகிறோமே, பிறகு எப்படி நிலுவை என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. வங்கி விவரம் அனுப்பும் நாளில் கணக்கில் என்ன நிலுவை நிற்கிறதோ அதுதான் அறிக்கையில் ஏறும். கெடு தேதிக்குள் கட்டினீர்களா என்பது வேறு ஒரு பத்தியில் பதிவாகும். 2025 ஜனவரி 1 முதல் வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை விவரம் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியிருந்ததால், முன்பு மாதம் ஒருமுறை எடுத்த படத்தை அப்போது இருமுறை எடுத்தார்கள்.

இரண்டாவது, கணக்குகளின் வயது. பதினோரு வயதுக் கார்டும் ஆறு வயதுக் கார்டும் சேர்ந்து சராசரி எட்டரை. பழையது போனால் ஆறு. இதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. மூடிய கணக்கு மறுநாளே அறிக்கையிலிருந்து அழிந்துவிடுவதில்லை. மூடப்பட்டது என்ற குறிப்போடும், ஒழுங்காகக் கட்டிய வரலாற்றோடும் நிற்கும்.

590 ரூபாயும் ஒன்றரை லட்சமும்

அவர்கள் கேட்கப்போவது 40 லட்சம் ரூபாய், 20 ஆண்டுகளுக்கு. விண்ணப்பிப்பவரின் ஸ்கோரைப் பார்த்து வட்டியை நிர்ணயிக்கும் வங்கிகள் இப்போது நிறைய. 7.75 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 32,838 ரூபாய். 8 சதவீதத்தில் சுமார் 33,458. மாதம் 620 ரூபாய்தான் வித்தியாசம். 240 மாதத்துக்குக் கணக்கிட்டால் 1,48,800.

கார்டை மூடினால் வட்டி கால் சதவீதம் கூடியே தீரும் என்று நான் சொல்லவில்லை. 781 ஸ்கோர் கொஞ்சம் இறங்கினாலும் ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். ஆனால் ஒரு பக்கத்தில் 590 ரூபாய், மறுபக்கத்தில் ஒன்றரை லட்சம் போகக்கூடிய சிறு வாய்ப்பு. ஐந்து மாதம் பொறுத்திருப்பதற்கு 590 கொடுக்கலாம். அக்கா இதை என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டாள்.

"அப்படியானால் அப்படியே வைத்துவிடலாமே. எதற்கு மூட வேண்டும்? வருடம் 50,000 செலவழித்தால் கட்டணமும் இல்லையே" என்றார் அத்தான்.

இந்த யோசனையை எளிதில் தள்ள முடியாது. இரண்டு மாத வீட்டுச் செலவைப் பழைய கார்டுக்கு மாற்றினால் போதும். கட்டணமும் இல்லை, விகிதமும் 20 சதவீதத்திலேயே நிற்கும். வேறொரு குடும்பமாக இருந்தால் இதையே சொல்லியிருப்பேன். ஆனால் பில்லைத் திறக்காமலே மூன்று வருடம் ஓட்டிய வீடு இது. நான் பயந்தது கட்டணத்துக்காக அல்ல.

யாரும் பார்க்காத கார்டில் திருட்டு நடந்தால் என்ன ஆகும்? அப்போது நடைமுறையில் இருந்த, ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் நபரால் நடந்த மோசடியை, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், ஐந்து லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு நம் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். ஏழு நாளைத் தாண்டிவிட்டால் அந்தந்த வங்கியின் கொள்கைதான். இந்தப் பாதுகாப்பு முழுவதும் கவனித்துப் பார்க்கிறவர்களுக்கானது. மாதம் 130 ரூபாய் போனதை மூன்று வருடம் கவனிக்காதவர்கள் மூன்று வேலை நாளில் எதைக் கவனிக்கப்போகிறார்கள்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. சம்பளக் கணக்கு வேறு வங்கிக்கு மாறினால் ஆட்டோ டெபிட் நின்றுவிடும். 590 ரூபாய் கட்டணம் கட்டப்படாமல் நிற்கும், தாமதக் கட்டணம் சேரும், தவறிய தவணை என்று அறிக்கையில் ஏறும். மூடியதால் ஸ்கோர் கெட்டவர்களைவிட, மூடாமல் மறந்துவிட்டதால் கெட்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டுவிட்டுக் கணக்கு முடிந்தது என்று நம்பியிருந்த ஒருவரையும் தெரியும்.

ஆக முடிவு இப்படி நின்றது: மூட வேண்டும், ஆனால் வீட்டுக் கடன் கைக்கு வந்த பிறகு.

காத்திருந்த மாதங்கள்

முதலில் வங்கியின் உதவி எண்ணுக்கு அக்காவே பேசினாள். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு நான் பக்கத்தில் இருந்தேன். கட்டணத்தைப் பற்றிக் கேட்டவுடன் மறுமுனையில் இருந்த பெண், மூட எண்ணியிருக்கிறீர்களா மேடம், மூடினால் உங்கள் ஸ்கோர் பாதிக்கும் என்று ஆரம்பித்தார். பிறகு, இந்த ஆண்டுக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருகிறோம் என்றார். ஆயுள் முழுவதும் கட்டணமில்லாத வேறு கார்டாக மாற்றித் தர முடியுமா என்று அக்கா கேட்டாள். இந்த வகைக் கார்டுக்கு அந்த வசதி இல்லையாம். அந்த வசதி இருந்திருந்தால் இந்த ஆய்வு இங்கேயே முடிந்திருக்கும். இல்லாததால், திருப்பித் தருகிறோம் என்று சொன்னதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொன்னோம். அனுப்பினார்கள். ஜூலையில் 590 வரவு வந்தது.

மகள் படச் சேமிப்புத் திட்டத்தை இரண்டாவது கார்டுக்கு மாற்றினாள். ஒரு ஓடிபி, ஐந்து நிமிட வேலை. அதற்குள் ஜூலை மாதத்து 130 பழைய கார்டிலேயே போய்விட்டது. எனவே பழைய கார்டில் 460 ரூபாய் நம் பக்கம் வரவாக நின்றது. இதைப் பிறகு சொல்கிறேன்.

பில் போகும் மின்னஞ்சல் முகவரியை மாற்றினோம். வங்கியின் செயலியில் அந்தக் கார்டின் இணையப் பரிமாற்றம், வெளிநாட்டுப் பரிமாற்றம், கடையில் தேய்ப்பது என்று எல்லாவற்றையும் அணைத்தோம். இப்படி அணைக்கவும் திறக்கவும் வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-இல் உத்தரவிட்டது. கணக்கு உயிரோடு இருக்கும், கார்டு உறங்கும். எங்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இரண்டாவது கார்டுக்குப் பில் வரும்வரை காத்திராமல், மாத நடுவிலேயே 25,000 கட்டினாள். பதிவாகும் நிலுவை குறைந்தது. சொல்லப்போனால், வரம்புக் கணக்கைச் சரிசெய்ய இந்த ஒரு வழியே போதும் என்று வாதிடலாம். பழைய கார்டை அப்போதே மூடியிருக்கலாம். ஆனால் கடன் விண்ணப்பம் கையில் இருக்கும்போது ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றுவது எனக்குப் பிடிக்காது.

ஆகஸ்டில் ஒருநாள் அத்தானிடமிருந்து அழைப்பு வந்தது. பெட்ரோல் நிலையத்தில் நிற்கிறாராம், கார்டு வேலை செய்யவில்லையாம். எந்தக் கார்டு? அக்காவின் பழைய கார்டோடு இணைந்த ஆட்-ஆன் கார்டு. அவர் பெயரில் 2015-இல் வாங்கியது, அவசரத்துக்கென்று பர்ஸின் உள்ளறையில் பத்து வருடமாக இருந்திருக்கிறது. அன்றுதான் முதல்முறையாக எடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மேசையில் எல்லாவற்றையும் பரப்பினோம் என்று மேலே எழுதினேன், எல்லாம் வரவில்லை. மூல கார்டை மூடினால் இதுவும் சேர்ந்து செத்துவிடும் என்பது அவருக்குத் தெரியாது, அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருந்தும் அவள் சொல்லத் தோன்றவில்லை.

மூடிய விதம்

அக்டோபரில் கடன் ஒப்புதலானது, நவம்பரில் பணம் வந்தது. வட்டி 7.75. கார்டை முன்பே மூடியிருந்தால் இதே வட்டி கிடைத்திருக்காதா என்று கேட்டால் நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பணம் வந்த பிறகே இரண்டாவது கார்டின் வரம்பை உயர்த்தக் கேட்டாள். நம் ஒப்புதல் இல்லாமல் வங்கி வரம்பை உயர்த்தக்கூடாது என்பது விதி. நாம் கேட்டால் பரிசீலிப்பார்கள். 1,50,000 ஆக்கினார்கள். பழையது போனபின் விகிதம் சுமார் 27 சதவீதம் என்று ஆனது.

டிசம்பர் 3 அன்று செயலி வழியாகவும் மின்னஞ்சல் வழியாகவும் மூடச் சொல்லி எழுதினாள். நிலுவை இல்லாத கார்டை மூடக் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். இதுவும் அந்த 2022 விதிகளில் உள்ளதுதான். தபாலில்தான் கடிதம் அனுப்ப வேண்டும் என்று இழுத்தடிக்கவும் கூடாது. மறுநாள் ஓர் இளைஞர் அழைத்து, ரிவார்டு புள்ளிகள் வீணாகிவிடுமே என்றார். பார்த்தால் 200 ரூபாய்கூடப் பெறாத புள்ளிகள். ஒரு பரிசுக் கூப்பனாக மாற்றிக்கொண்டு, மூடும் வேலையைத் தொடரச் சொன்னாள். ஆறாவது வேலை நாளில் மூடப்பட்டதாக எஸ்எம்எஸ்ஸும் மின்னஞ்சலும் வந்தன.

அந்த 460 ரூபாய் வரவில்லை. மூடிய கார்டில் மிஞ்சும் வரவுத் தொகையை வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்பதும் விதியே. இதற்காக இரண்டு மின்னஞ்சல்கள் எழுத வேண்டியிருந்தது. முதல் மின்னஞ்சலுக்குப் பதில், உங்கள் கார்டு வெற்றிகரமாக மூடப்பட்டது என்ற அதே தகவல். இரண்டாவதில் விதியைக் குறிப்பிட்டு, 30 நாட்களில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவதாக எழுதினோம். நான்காம் நாள் பணம் வந்தது. 460 ரூபாய்க்கு இவ்வளவா என்று அத்தான் சிரித்தார். பத்து வருடம் ஒரு கார்டைப் பர்ஸில் சுமந்தவர் சிரிக்க வேண்டிய இடமல்ல இது.

2026 ஜனவரியில் புதிய அறிக்கையை எடுத்தோம். பழைய கார்டின் எதிரே மூடப்பட்ட தேதி இருந்தது, நிலுவை பூஜ்யம். ஸ்கோர் 774. ஏழு புள்ளி இறக்கத்தில் கார்டின் பங்கு எவ்வளவு, புதிய 40 லட்சம் கடனின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. என் ஊகம், பெரும்பங்கு கடனுடையது. மூடியதற்கான மின்னஞ்சலை அச்செடுத்து வீட்டுக் கடன் கோப்பில் வைத்திருக்கிறாள். பழைய கார்டையும் அத்தானின் ஆட்-ஆன் கார்டையும் சிப் உள்ள இடத்தில் குறுக்கே வெட்டினோம். அத்தானுக்கு இப்போது அவர் பெயரிலேயே ஒரு கார்டு வேண்டுமாம். கட்டணம் எவ்வளவு, பில் எந்த மின்னஞ்சலுக்குப் போகும் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.